காகிதப்பூ, அரளி, செம்பருத்தி: எது உங்கள் கைக்கு ஒத்துவரும்?

“எதை வைத்தாலும் செத்துப்போகிறது, சாகாத பூச்செடியாக ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: போகன்வில்லா என்கிற காகிதப்பூ, அரளி, செம்பருத்தி. மூன்றும் முரட்டுச் செடிகள்தான். ஆனால் ஒன்று தாங்குவதை இன்னொன்று தாங்காது. எனக்கு இது தற்செயலாகத்தான் புரிந்தது.

மூன்றையும் ஒரே அளவுத் தொட்டிகளில், ஒரே வரிசையில் வைத்திருந்தேன். காலையும் மாலையும் தண்ணீர், மாதம் தவறாமல் கைநிறைய மண்புழு உரம். செம்பருத்தி தினமும் பூத்தது. அரளி தன் போக்கில் இருந்தது. காகிதப்பூ மட்டும் இரண்டு வருடமாக இலையும் முள்ளுமாகப் படர்ந்ததே தவிர, பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. அப்புறம் ஒரு கோடையில் பதினைந்து நாள் நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் செம்பருத்தி வெறும் குச்சியாக நிற்கிறது. அரளியில் அடியிலைகள் நாலைந்து மஞ்சளாகியிருந்தன, அவ்வளவுதான். காகிதப்பூவோ பாதி இலையை உதிர்த்துவிட்டு, நுனிக்கு நுனி சிவந்த மொக்குகளோடு நின்றது. தண்ணீர் ஊற்றிய இரண்டு, மூன்று வாரத்தில் இலையே தெரியாத அளவுக்கு நிறம்.

அதிலிருந்து யார் வந்து கேட்டாலும் செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: நீங்கள் மறந்துபோகிற ஆளா, சும்மா இருக்க முடியாமல் எதையாவது செய்துகொண்டே இருக்கிற ஆளா?

தண்ணீரில்தான் குணம் தெரியும்

காகிதப்பூவுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் கொடியை நீட்டுவதிலேயே குறியாக இருக்கும். மண் காயும்போதுதான் பூக்கும் எண்ணமே அதற்கு வருகிறது. நாம் பூ என்று சொல்வது அங்கே நிறம் மாறிய இலைகளைத்தான். மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும் அந்தக் காகித மடல்களுக்கு நடுவே மெல்லிய குழல் போல நிற்கும் வெள்ளைப் பொடிப்பூதான் அசல் பூ. இலை என்பதால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. (பெயர் வாயில் நுழையவில்லை என்றால் குறை உங்களுடையதில்லை. 1766 முதல் 1769 வரை கப்பலில் உலகைச் சுற்றிய ஒரு பிரெஞ்சுக்காரரின் குடும்பப் பெயர் அது. அந்தப் பயணத்தில் வந்த தாவரவியலாளர் பிரேசிலில் பார்த்த செடிக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.)

ஆகவே விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் வாளியைக் கீழே வைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, அடித்துளை வழியாக வழியும்வரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை என்று ஊற்றுவதுதான் இதற்கு ஆகாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்கினால் வேர் அழுகும். நான் பார்த்த வரை காகிதப்பூக்கள் அதிகம் செத்தது தாகத்தால் அல்ல, இந்தத் தட்டால்தான்.

அரளி இரண்டையும் தாங்கும். வறண்டு கிடந்து, திடீரென்று வெள்ளம் வரும் ஓடைப் படுகைகளில் இயல்பாக வளர்கிற செடி அது. அதன் இலையைத் திருப்பி உருப்பெருக்கியில் பார்த்தால் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். இலை மூச்சு விடும் துளைகள் அந்தக் குழிகளுக்குள், மயிரிழைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. அனல்காற்று நேராக வந்து ஈரத்தை உறிஞ்ச முடியாது. மேல்பக்கம் தோல் போலத் தடித்த மெழுகுப் பூச்சு வேறு. தரையில் நட்டு ஒரு வருடம் வேர் பிடிக்கவிட்டால் பிறகு நீங்கள் தண்ணீரை மறந்தாலும் அது உங்களிடம் கோபித்துக்கொள்ளாது. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் புகை, தூசி, கொதிக்கும் தார் எல்லாவற்றுக்கும் நடுவே பூத்துக் கிடப்பது இதனால்தான். உப்புக்காற்றும் பொருட்டில்லை. ஹிரோஷிமாவில் 1945இல் குண்டு விழுந்த பிறகு முதலில் பூத்த செடி என்று அரளியைத்தான் சொல்கிறார்கள். இன்று அது அந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ மலர்.

செம்பருத்தியின் கணக்கு வேறு. அகன்ற, மெல்லிய இலை. உச்சி வெயிலில் துவண்டுவிடும். பெரும்பாலான வகைகளில் ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். நாளைக்குப் பூ வேண்டுமென்றால் நாளைக்கு ஒரு புது மொட்டு தயாராக இருக்க வேண்டும். அப்படித் தினமும் உழைக்கிற செடிக்குப் பசியும் தாகமும் இருக்கத்தானே செய்யும்? இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் விரியாத மொட்டுகளைக் கொட்டிவிடும். “மொட்டு வருகிறது, ஆனால் உதிர்ந்துவிடுகிறது” என்று புலம்புபவர்கள் மருந்து தேடுவதற்கு முன் தங்கள் தண்ணீர் வழக்கத்தைப் பார்க்கலாம். அதில் குறையில்லை என்றால் மட்டும் மொட்டுக்குள் பூச்சி இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

காய்ந்துபோன என் செம்பருத்தியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நுனியில் பழுப்பு; ஒரு சாண் கீழே வந்ததும் பட்டைக்கு அடியில் பச்சை. பச்சை தெரிந்த இடத்துக்குச் சற்று மேலே வெட்டி, நிழலுக்கு நகர்த்தி, அளவாக ஈரம் கொடுத்ததில் ஒரு மாதத்தில் துளிர்த்தது. சாகாத செடிதான், ஆனால் அன்றாடம் ஆள் வேண்டும்.

உரமும் இதே கதைதான். செம்பருத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. “பூ அதிகம் பூக்க” என்று விற்கிற, மணிச்சத்து (பாஸ்பரஸ்) தூக்கலான கலவைகள் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக இருப்பது நல்லது. காகிதப்பூவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலைக்காடு மட்டுமே மிஞ்சும், நான் இரண்டு வருடம் வளர்த்ததைப் போல. அரளிக்கு வருடம் ஒருமுறை மட்கிய எரு போட்டால் போதும், போடாவிட்டாலும் பெரிய குறையில்லை.

அரளியை ஏன் எல்லோருக்கும் சொல்வதில்லை

இதுவரை படித்தால் அரளிதான் ஜெயிக்கிறது என்று தோன்றும். கவனிப்பு என்ற ஒரே அளவுகோலில் அது உண்மையும்கூட. ஆனால் அதன் இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாமே நஞ்சு. ஒலியாண்ட்ரின் முதலான பொருள்கள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பவை. காய்ந்த சருகிலும் நஞ்சு போகாது. ஆடு, மாடு, நாய், எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதுக் குழந்தை, இவர்களில் யார் இருக்கும் இடத்திலும் கைக்கெட்டும் உயரத்தில் இதை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. “காலங்காலமாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை” என்ற பதிலை நானும் கேட்டிருக்கிறேன். ஆகாதவரை எல்லாமே அப்படித்தான்.

வெட்டும்போது கையுறை போடுங்கள், பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய கிளைகளைக் கொளுத்தவே வேண்டாம், புகையிலும் நஞ்சுண்டு. மணி போலத் தொங்கும் பூவுள்ள மஞ்சள் அரளி உறவுக்காரச் செடிதானே தவிர வேறு இனம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் விதை இன்னும் மோசம்.

செம்பருத்தியில் இந்தப் பயமே இல்லை. காகிதப்பூவில் பயம் முள்ளைப் பற்றியதுதான்: வளைந்து, துணியில் மாட்டினால் விடாது. நடைபாதையை ஒட்டி வைத்துவிட்டு ஒவ்வொரு மாதமும் வெட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வெட்டு, வெயில், பூச்சி, குளிர்

மூன்றுமே புதுத் துளிரில் பூப்பவை. எனவே கவாத்துக்குப் பயப்படத் தேவையில்லை. காகிதப்பூவை ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் நீண்ட கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடலாம். அரளியைத் தரையோடு வெட்டினாலும் அடியிலிருந்து கிளம்பும். செம்பருத்தியை மொத்தமாக மொட்டை அடித்தால் இரண்டு, மூன்று மாதம் பூவை மறந்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு நாலைந்து கிளை என்று பிரித்து வெட்டினால் பூ நிற்காது.

வெயில் என்றால் காகிதப்பூவிடம் பேரமே கிடையாது. ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத இடத்தில் அதை வைப்பது வீண். அரளி அரைநிழலிலும் உயிரோடு இருக்கும், பூ மட்டும் குறையும். செம்பருத்திக்கு நாலைந்து மணி நேரம் போதும். கொளுத்தும் கோடையில் பிற்பகல் நிழல் கிடைத்தால் நன்றி சொல்லும்.

பூச்சித் தொல்லை மூன்றில் அதிகம் செம்பருத்திக்குத்தான். மாவுப்பூச்சி இதைத் தேடி வரும். எறும்பு வரிசை ஏறினாலே மேலே மாவுப்பூச்சியோ, சாறு உறிஞ்சும் அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வெயில் தாழ்ந்த பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பதை வாரம் ஒருமுறையாவது செய்ய வேண்டியிருக்கும். அரளித் துளிரில் பளீர் மஞ்சளாக ஒரு அசுவினி ஒட்டும். செடியின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் அதைப் பல எதிரிகள் தொடுவதில்லை. பார்க்க அசிங்கம், செடி சாகாது. காகிதப்பூவில் இலையோரத்தைக் கடிக்கும் புழு எப்போதாவது வரும், போய்விடும்.

உறைபனி விழும் இடங்களில் அரளிதான் ஒரே தேர்வு. சில வகைகள் பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். காகிதப்பூ லேசான உறைபனியில் நுனி கருகிப் பிறகு தேறலாம். செம்பருத்தி பத்து டிகிரிக்குக் கீழே போனாலே இலையை மஞ்சளாக்கிக் கொட்ட ஆரம்பிக்கும், தொட்டியோடு உள்ளே தூக்க வேண்டியதுதான்.

குச்சியிலிருந்து புதுக்கன்று எடுப்பதானால் அரளி ஒரு புட்டித் தண்ணீரிலேயே வேர்விடும். செம்பருத்தி ஈரமணலில் சுலபம். காகிதப்பூ பிடிவாதக்காரி: பென்சில் தடிமனுள்ள, பாதி முற்றிய குச்சியை வைத்து இரண்டு மாதம் பொறுத்திருங்கள், பத்தில் பாதி பிழைத்தால் அதிர்ஷ்டம். நடும்போது இன்னொரு கவனம், அதன் வேர் மெல்லியது, எளிதில் அறுந்துவிடும். பையைப் பிடித்து இழுக்காமல் கத்தரித்து எடுங்கள். மண்ணைத் தட்டிவிட வேண்டாம்.

இந்த மூன்றுமே வேண்டாம் என்பவர்களுக்கு

வெயில் குறைவான இடம் என்றால் நந்தியாவட்டையைப் பாருங்கள். அரைநிழலில் அவ்வளவு வெள்ளையாகப் பூக்கும் வேறு முரட்டுச் செடி எனக்குத் தெரிந்து இல்லை. இதுவும் அரளிக் குடும்பம்தான், பால் உண்டு. வேலி போலக் குட்டையாக, சீராக வேண்டும் என்றால் இட்லிப்பூ, பழைய பெயரில் வெட்சி. மெதுவாக வளரும், கொஞ்சம் புளிப்பான மண்ணைக் கேட்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணிலோ சிமெண்டுச் சுவரை ஒட்டியோ வைத்தால் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறும்; இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாததன் அடையாளம் அது.

என் தொட்டிகள் இப்போது ஒரே வரிசையில் இல்லை. செம்பருத்தியைத் தண்ணீர்க் குழாயை ஒட்டி வைத்துவிட்டேன், கை கழுவப் போனாலே கண்ணில் படும். காகிதப்பூ, குழாய்த்தண்ணீர் எட்டாத கடைசி மூலையில். அரளியைப் போன மாதம் தெரிந்தவர் ஒருவர் ஆசையாகக் கேட்டார். வீட்டில் தவழும் பேத்தி இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னதும், தொட்டியை அங்கேயே வைத்துவிட்டு இரண்டு இட்லிப்பூக் கன்றுகளைக் கொடுத்து அனுப்பினேன்.