வெள்ளவத்தை மண்டபத்தில் தும்புத் தகடு: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

எங்கள் இசை வகுப்பு மண்டபம் கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட. 12 மீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரம். கீழே டைல்ஸ், சுற்றிலும் பூச்சுச் சுவர். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் எழும் 'தோம்' அடங்குமுன் அடுத்த நாலு சொல் அதன் மேல் ஏறிவிடும். ஆசிரியர் சத்தம் போட்டால் இன்னும் குழப்பம். இந்த முழக்கத்தைக் குறைக்கத்தான் சுவரில் தும்புத் தகடு போட்டோம்.

மண்டபக் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்கும் செபைன் சூத்திரத்தில் பார்த்தால், ஆளில்லாத மண்டபத்தில் ஒலி அடங்கக் கிட்டத்தட்ட மூன்றரை வினாடி. பேச்சுக்கு ஒரு வினாடியை ஒட்டி இருந்தால் நல்லது. விழும் ஒலியில் 70 சதவீதத்தை உறிஞ்சும் தகடு 40 சதுர மீட்டருக்குப் போட்டால் 1.4 வினாடிக்கு இறங்கும். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் இன்னும் குறையும்.

போட்டது இறப்பர் பால் சேர்த்து அழுத்திய தென்னந்தும்பு, இரண்டு அங்குலத் தடிப்பு. தும்பு மெத்தைக்குள் இருக்கிற அதே சரக்குத்தான். விசயம் பின்னால் விட்ட இடைவெளியில் இருக்கிறது. சுவரை ஒட்டினாற்போல் காற்று அசைவது குறைவு. அசைகிற இடத்தில் நார் நின்றால்தான் உராய்ந்து ஒலி வெப்பமாகும். ஆகவே சட்டம் அடித்து இரண்டு அங்குலம் தள்ளிப் பொருத்தினோம். மின்குழாய் போகிற ஒரு மூலையில் மட்டும் இடமில்லாமல் சுவரோடு ஒட்ட வேண்டியிருந்தது. தென்மேற்கு மழை முடியும்போது அந்த மூலையில் மட்டும் பூஞ்சணம்! மற்றத் தகடுகளின் முதுகு காய்ந்தே இருந்தது.

தொல்லைகளும் உண்டு. தொடக்கத்தில் காலையில் வந்தால் கதிரைகளில் மண்ணிறத் தூள் கிடக்கும். பருத்தித் துணி போர்த்திய பிறகு நின்றது. பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள், அடித்தால் துவாரம் அடைபட்டுப் போட்ட பலனே போய்விடும். உப்புக் காற்றில் ஆணிகள் கறள் பிடித்ததால் துருப்பிடிக்காத திருகாணிக்கு மாறினோம். தும்பு எரியக்கூடியது, தீத்தடுப்பு மருந்து போட்டதா என்று கேட்டு வாங்குங்கள், குத்துவிளக்கை எட்ட வையுங்கள்.

இதனால் வெளிச்சத்தம் நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். கரையோர ரயில் முன்போலவே யன்னல் வழியாக வருகிறது. உள்ளே குறைந்தது எங்கள் குரல்தான். பெற்றோர்கூட இப்போது மெல்லக் கதைக்கிறார்கள். வீணை ஆசிரியைக்கு மட்டும் திருப்தியில்லை, நாதம் சீக்கிரம் செத்துப்போகிறதாம். அவருடைய வகுப்புக்காக மேடைப் பக்கத் தகடு இரண்டைக் கழற்றிவைக்கிறோம்.