சிம்மில் எரியத் தெரிந்த பாய்லர்: இரண்டு குளிர்காலம் ஓட்டிய பிறகு

லண்டன் குரோய்டனில் எங்கள் வீடு 1930களில் கட்டிய செமி, ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. மூன்று படுக்கையறை, ஒரே பாத்ரூம், ஒன்பது ரேடியேட்டர் (உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்ப் பலகை). பழைய பாய்லர் ஒரு ஜனவரி ராத்திரி மொத்தமாகக் கையை விரித்துவிட்டது, அந்த அவசரத்தில் வாங்கியதுதான் இந்த 30 கிலோவாட் காம்பி, அதாவது ரேடியேட்டர் தண்ணீரையும் குழாய் வெந்நீரையும் ஒரே பெட்டியில் சூடாக்கும் கேஸ் பாய்லர். பெட்டி, குழாய் வேலை, ஃபில்டர், தெர்மோஸ்டாட், வரி எல்லாம் சேர்த்து 2,900 பவுண்டு ஆனது. பிராண்டு பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி பெட்டியுடையது இல்லை, அதை மாட்டிவிட்டுப் போன விதத்துடையது. அதோடு இன்று இங்கே விற்கும் நல்ல பாய்லர் எதை வாங்கினாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதேதான்.

விளம்பரத் தாளில் ‘மாடுலேஷன் 1:10’ என்று போட்டிருந்தது. வாங்கும்போது அதைப் பார்த்துத் தலையாட்டினேனே தவிர ஒன்றும் புரியவில்லை. விஷயம் எளிதுதான், 30 கிலோவாட்டில் எரியக்கூடியது, தேவையில்லாதபோது 3 கிலோவாட் வரை இறங்கி எரியும். நம் வீட்டு கேஸ் அடுப்பை சிம்மில் வைக்கிறோமே, அதேதான், ஆனால் குமிழைத் திருப்புவது நாம் இல்லை. உள்ளே ஒரு ஃபேன் காற்றைத் தள்ளுகிறது, காற்று எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்கு கேஸ் வால்வு கேஸை விடுகிறது, தண்ணீரின் சூட்டைப் பார்த்து போர்டு ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எங்கள் பழைய பாய்லருக்கு இதெல்லாம் தெரியாது. முழுசாக எரியும், அல்லது அணையும். குழம்பு கொதித்ததும் சிம்மில் வைக்காமல் அடுப்பை அணைப்பதும் பற்றவைப்பதுமாகவே சமையலை முடிப்பவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், இருபது வருடம் எங்கள் வீட்டில் அதுதான் நடந்திருக்கிறது.

சரி, புதிது வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா என்றால், முதல் குளிர்காலம் முழுக்க ஒன்றும் மாறவில்லை. மாட்டியவர் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75 டிகிரியில் வைத்தார், சுவரில் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை ஒட்டினார், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த தெர்மோஸ்டாட்டிலிருந்து பாய்லருக்குப் போனது வெறும் ஸ்விட்ச் கம்பி. ‘எரி’, ‘நிறுத்து’ என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறு எதையும் அதனால் சொல்ல முடியாது. ‘வீட்டுக்கு இன்னும் அரை டிகிரிதான் குறைவு, மெதுவாகப் போ’ என்று சொல்லும் வழி அதில் கிடையாது. 2018 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் காம்பி மாற்றினால் சிக்கனத்துக்கு ஏதாவது ஒரு கூடுதல் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது: வெளி வெப்பத்தைப் பார்த்து ஓடுவது, அறைச் சூட்டைப் பார்த்துத் தண்ணீர்ச் சூட்டைக் குறைப்பது, புகைச் சூட்டை மீட்பது, அல்லது தானே கற்றுக்கொள்ளும் ஸ்மார்ட் கன்ட்ரோல். நாலாவதுதான் மாட்டுகிறவருக்குச் சுலபம். விதிப்படி எல்லாம் சரி, சிம் மட்டும் வேலை செய்யவில்லை.

அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை சமையலறையில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன் (மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதவில்லை). அறை சூடானதால் பாதி ரேடியேட்டர்களின் வால்வுகள் தாமாகவே மூடியிருந்தன. பாய்லர் நாலு நிமிடம் எரிந்தது, தண்ணீர் 80ஐத் தொட்டதும் அணைந்தது, கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, மறுபடி பற்றியது. ஒரு மணி நேரத்தில் எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் பற்றவைக்கும் முன் ஃபேன் காற்றடித்து உள்ளே இருக்கும் சூட்டையும் சேர்த்து வெளியே ஊதித் தள்ளுகிறது.

இதில் பெரிய நஷ்டம் எங்கே என்றால் புகையில். கேஸ் எரிந்தால் நீராவி வரும், அந்த நீராவி மறுபடி தண்ணீராகும்போது விடும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் கண்டென்சிங் பாய்லரின் முழு சூட்சுமம். இங்கே 2005லிருந்து புதிய கேஸ் பாய்லர் என்றால் பெரும்பாலும் கண்டென்சிங்தான். ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நீராவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும். 75ல் அனுப்பி 60க்கு மேல் திரும்பினால் அந்தச் சூடு அப்படியே வெள்ளைப் புகையாக பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் போய்விடும். இதை நான் வாளி வைத்தே பார்த்தேன். இப்படிக் குளிர்ந்து சேரும் தண்ணீரை வெளியேற்றும் குழாயை மாற்றும் வேலைக்காக (அந்தக் கதை கீழே வருகிறது) பிளம்பர் தற்காலிகமாக ஒரு வாளியில் அதை விட்டிருந்தார். 75 டிகிரியில் ஓட்டிய நாளில் வாளியில் சுமார் 2 லிட்டர். மறுநாள் 50ல் ஓட்டினேன், கிட்டத்தட்ட 8 லிட்டர். விளம்பரத் தாளில் போடும் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதத் திறனெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது.

இரண்டாவது குளிர்காலத்துக்கு முன்னால் வேறொரு கேஸ் சேஃப் பொறியாளரை (கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர்) கூப்பிட்டு, வடக்குச் சுவரில் ஒரு சின்ன வெளிப்புற சென்சாரைப் பொருத்தி, பாய்லர் கம்பெனியே தரும் கன்ட்ரோலரை மாட்டச் சொன்னேன். 210 பவுண்டு. இதைத்தான் வெதர் காம்பன்சேஷன் என்கிறார்கள். வெளியே எவ்வளவு குளிரோ அதற்கேற்ப ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை பாய்லரே முடிவு செய்யும். ஒரு ‘கோடு’ இருக்கிறது, 0.1 முதல் மேலே போகும் ஓர் எண், எண் கூடினால் தண்ணீர்ச் சூடும் கூடும். என்னுடையது 1.5ல் வந்தது, வாரத்துக்கு 0.1 என்று குறைத்துக்கொண்டே வந்தேன், பின்புறப் படுக்கையறையில் பையன் போர்வைக்குள் இருந்து குரல் கொடுத்த வாரத்தில் நிறுத்தி ஒரு படி ஏற்றினேன். இப்போது 0.9. வெளியே 10 டிகிரி என்றால் தண்ணீர் 36, 5 என்றால் 42, 0 என்றால் 48. ரேடியேட்டர்கள் கிட்டத்தட்ட நாள் முழுக்க லேசான சூட்டில் இருக்கின்றன, ராத்திரி இரண்டு டிகிரி மட்டும் இறங்கும். குளிரான நாட்களில் பாய்லர் பெரும்பாலான நேரம் 3, 4 கிலோவாட்டில் அணையாமல் எரிகிறது. அடுத்த அறையில் இருந்தால் ஓடுவதே தெரியாது.

நவம்பரில் மதுரையிலிருந்து வந்த அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்து, “என்னடா, இது ஓடுதா இல்லையா? வெதுவெதுன்னு தானே இருக்கு” என்றார். வீட்டுக்குள் 20 டிகிரி என்று தெர்மாமீட்டரைக் காட்டியும் நம்பவில்லை. ஈரத்துணி காயவும் நேரமாகும், அது உண்மைதான். தொட்டால் சுட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த முறை ஏமாற்றம் தரும். அப்புறம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் போட்டு அணைக்கிற வீடுகளுக்கும் இது ஒத்துவராது. ஆறிப்போன வீட்டை 40 டிகிரித் தண்ணீரால் சீக்கிரம் சூடாக்க முடியாது.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கடையில் எல்லோரும் பேசுவது மேல் எண்ணை, அதாவது உச்ச கிலோவாட்டைப் பற்றி. எனக்கும் முதலில் 35 கிலோவாட் எடுங்கள் என்றார்கள். நீங்கள் கேட்க வேண்டியது கீழ் எண்ணை. மீட்டரைப் பார்த்து நான் போட்ட கணக்கு இது: வெளியே 0 டிகிரி இருந்த ஒரு நாளில், குளியல் செலவைக் கழித்து, சுமார் 12.5 கன மீட்டர் கேஸ். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11.2 யூனிட் (கிலோவாட்-மணி), ஆக 140 யூனிட், 24 மணி நேரத்தால் வகுத்தால் 6 கிலோவாட்டுக்கும் கீழே. உறையும் குளிரிலேயே வீட்டுக்கு வேண்டியது அவ்வளவுதான். வெளியே 9, 10 டிகிரி என்றால் 3 கிலோவாட்டே கொஞ்சம் அதிகம், அப்போது என் பாய்லரும் அணைந்து அணைந்துதான் எரிகிறது. லண்டன் குளிர்காலத்தில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமே இல்லை. கீழ் எண் 7 என்று இருக்கும் பெட்டியை வாங்கினால் குளிர்காலம் கிட்டத்தட்ட முழுக்கவே பழைய பாய்லர் கதைதான்.

அப்படியானால் 30 எதற்கு? குளிக்க. காம்பியில் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் ஒரு வால்வு திரும்பி ரேடியேட்டர்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறது, முழுச் சூடும் குழாய் நீருக்குப் போகிறது. குளிர்காலத்தில் மெயின் தண்ணீர் 7, 8 டிகிரியில் வரும், அதை 35 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 12 லிட்டர் தர 29 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். ஒரு ஷவருக்குத் தாராளம். மேலே ஒருவர் குளிக்கும்போது கீழே பாத்திரம் தேய்த்தால் மேலிருந்து சத்தம் வரும். எங்களுக்கு ஒரே பாத்ரூம் என்பதால் பிழைத்தோம், இரண்டு பாத்ரூம் இருந்தால் வெந்நீரைத் தேக்கி வைக்கும் சிலிண்டர் வைப்பதுதான் நல்லது. இங்கேயும் சிம் உதவுகிறது. பழைய பாய்லரில் கை கழுவக் குழாயை மெதுவாகத் திறந்தால் சுடும், உடனே ஜில்லென்று வரும், மறுபடி சுடும், ஏனென்றால் அவ்வளவு கொஞ்சம் தண்ணீருக்கு ஏற்றபடி அதனால் இறங்கி எரிய முடியாது. புதியதில் அந்த விளையாட்டு இல்லை.

வெந்நீருக்கு ‘கம்ஃபர்ட்’, ‘ஈகோ’ என்று இரண்டு முறை இருக்கிறது. கம்ஃபர்ட்டில் குழாய் நீரைச் சூடாக்கும் உள் தகட்டை எப்போதும் சூடாக வைத்திருக்கும், அதற்காக நடு ராத்திரியிலும் அவ்வப்போது ஒரு நிமிடம் எரியும். ஈகோவில் அது கிடையாது, ஆனால் சமையலறைக் குழாயில் வெந்நீர் வர 20 விநாடிக்குப் பதிலாக 45 விநாடி ஆகிறது. நான் ஈகோவில் வைப்பேன், இரண்டு நாளில் அது கம்ஃபர்ட்டுக்கு மாறியிருக்கும். யார் மாற்றினார்கள் என்று நான் கேட்பதில்லை.

இன்னும் ஓர் அமைப்பு மெனுவில் ஒளிந்திருக்கிறது. ஹீட்டிங்குக்கு மட்டும் உச்ச அளவைக் குறைத்து வைக்கலாம். வந்தபோது அதுவும் மேலேயே இருந்தது, காலையில் எடுத்த எடுப்பில் சீறிக்கொண்டு எரிந்து, தண்ணீர் தேவையைத் தாண்டிச் சூடாகி, உடனே அணையும். இப்போது 9 கிலோவாட்டுக்கு மேல் போகாது, வெந்நீரை இது பாதிக்காது. வந்த பொறியாளர் பத்தே நிமிடத்தில் செய்தார். முதலில் வந்தவரும் செய்திருக்கலாம்.

இப்போது குழாய்க் கதை. அந்த 8 லிட்டர் தண்ணீர் வெளியே போயாக வேண்டும். மாட்டியவர் அதற்கு மெல்லிய 21.5 மில்லிமீட்டர் குழாயை வடக்குச் சுவர் நெடுகிலும் மூன்று மீட்டருக்கு ஓட்டியிருந்தார், மேலே ஒரு உறைகூட இல்லை. முதல் டிசம்பரிலேயே மைனஸ் 4 வந்த இரவில் உறைந்து அடைத்துக்கொண்டது. விடியற்காலை நாலு மணிக்கு பாய்லருக்குள் கொடகொடவென்று சத்தம், அப்புறம் எரர் கோட், வீடு ஜில். கெட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துப் போய் (கொதிநீர் ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும்) சட்டைக்கு மேல் மூன்று ஸ்வெட்டரோடு நின்று ஊற்றினேன். பிறகு 32 மில்லிமீட்டர் குழாயும் உறையும் போட்டதில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. போன் செய்தபோது மாட்டியவர் இந்த வருடம் குளிர் அதிகம் என்றார்.

கேஸ் மிச்சமா என்றால், ஆம், ஆனால் யூடியூபில் சொல்கிற அளவுக்கு இல்லை. வெளியே சராசரி 5 டிகிரி இருந்த நாட்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டேன்: முதல் குளிர்காலத்தில் நாளுக்கு 11 கன மீட்டர், இரண்டாவதில் 9.8. பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சென்சார் செலவு மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும் என்று நினைக்கிறேன். செலவே இல்லாமல் செய்யக்கூடியது, காம்பி வைத்திருக்கும் யாரும் ரேடியேட்டர் படம் போட்ட குமிழைத் திருப்பித் தண்ணீர்ச் சூட்டை 60க்கோ அதற்குக் கீழோ கொண்டுவருவது. 2022 டிசம்பரில் அரசாங்கமே இதைச் சொல்லி விளம்பரம் செய்தது. சிலிண்டர் இருக்கும் வீட்டில் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், தேக்கி வைக்கும் வெந்நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி வளரும். பெட்டியின் மூடியைக் கழற்றும் வேலை எதுவும் நமக்கு வேண்டாம். வருடாந்திர சர்வீஸில் பொறியாளர் பாய்லரை ஒரு சோதனை முறையில் போட்டு, முழு வேகத்திலும் சிம்மிலும் எரியவிட்டு, இரண்டிலும் புகையை அளந்து பார்க்க வேண்டும். முழு வேகத்தில் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் சிம்மையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெட்டிக்கு நாலரை நட்சத்திரம், முதலில் மாட்டிய வேலைக்கு ஒன்றரை. அரை நட்சத்திரம் ஏன் குறைந்தது என்றால், சுமார் 5 கிலோவாட்டைத் தாண்டும்போது ஃபேன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டு போல ரீங்கரிக்கிறது, அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் சேர்ந்து அதிர்கின்றன. பொறியாளர் வந்தால் மட்டும் சத்தமே வருவதில்லை. இப்போதைக்கு டம்ளர்களை இடம் மாற்றி வைத்திருக்கிறோம்.