எக்ஸ்பார்ட்டி என்றால் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்

அன்று அத்தை வீட்டில் சர்க்கரைப் பொங்கல். காலையிலேயே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தார். முந்தைய நாள் மாலை "கோர்ட்டு சார்" தொலைபேசியில் சொன்ன செய்திதான் காரணம்: "அம்மா, கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. இனி நீங்கள் அலைய வேண்டியதே இல்லை."

எக்ஸ் எம்.எல்.ஏ. என்றால் முன்னாள் எம்.எல்.ஏ. அப்படியானால் எக்ஸ்பார்ட்டி என்பது, எதிரே நின்ற பார்ட்டி இனி பார்ட்டியே இல்லை என்பது. இது அத்தை சொன்ன விளக்கம். பி.காம். படித்த நான் தலையை ஆட்டிவிட்டு இரண்டாவது கரண்டி பொங்கல் வாங்கிக்கொண்டேன். இந்தப் பதிவை எழுதும்போதும் அந்த நெய் வாசனை நினைவுக்கு வந்து கூசுகிறது.

விஷயம் இதுதான். மாமா இறப்பதற்கு முந்தைய ஆண்டு ஒருவரிடம் புரோநோட் எழுதிக் கொடுத்து இரண்டு லட்சம் கடன் வாங்கியிருந்தார். பாதியைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது இருக்கிறது. மாமா போன பிறகு கடன் கொடுத்தவர் முழுத்தொகையும் வட்டியும் கேட்டு, வாரிசு என்ற முறையில் அத்தையின் மேல் வழக்குப் போட்டார். சம்மன் வந்தது. அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நானும் அத்தையும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனோம். "இலவசச் சட்ட உதவி என்று ஒன்று இருக்கிறதாமே" என்று வாசலில் டீக்கடைக்காரரிடம் கேட்டதுதான் தாமதம், வேப்பமரத்தடியில் இருந்து ஒருவர் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கருப்புக் கால்சட்டை, கக்கத்தில் ஃபைல். "சட்ட உதவிதானே? நான்தான் பார்க்கிறேன், வாருங்கள் அம்மா" என்றார். அவர்தான் எங்கள் "கோர்ட்டு சார்".

வழக்கறிஞர் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

"வக்கீல் ஃபீஸ் ஒரு பைசா கிடையாது, இலவசம். ஆனால் மற்றச் செலவு இருக்கிறது" என்று தொடங்கினார். வக்காலத்துக்கு 5,000. ஏழை என்று காட்ட தாசில்தாரிடம் வருமானச் சான்று, அதற்கு 2,500. பிரமாண வாக்குமூலத்துக்கு 3,000. வழக்குக்கு நம்பர் வாங்க 4,000. ஆக மொத்தம் 14,500. அத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தார். ரசீது கேட்டதற்கு, "இலவச உதவிக்கு யாராவது ரசீது தருவார்களா?" என்று சிரித்தார். அந்தக் கேள்வியில் இருந்த ஓட்டை அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நீதிமன்றத்தில் உண்மையாகவே புழங்குகிற சொல். அதனால்தான் ஏமாந்தோம். "வக்காலத்து என்றால் என்ன?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் எனக்கு.

வக்காலத்துத் தாளை அத்தை முன் நீட்டினார். மேலே நீதிமன்றத்தின் பெயருக்குப் புள்ளிக்கோடு. அதற்குக் கீழே வழக்கு எண்ணுக்குப் புள்ளிக்கோடு, வழக்கறிஞர் பெயருக்குப் புள்ளிக்கோடு. எதுவும் நிரப்பப்படவில்லை. நடுவில் எறும்பு ஊர்ந்தது போல அச்சு. அத்தை மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பொடி எழுத்தில் இருந்தது என்ன என்பதைப் பிறகுதான் படித்தேன்: எனக்காக ஆஜராகவும், ராஜி செய்யவும், பணம் பெற்றுக்கொள்ளவும் இந்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தருகிறேன் என்று. பெயர் இல்லாத ஆளுக்கு அத்தனை அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறோம்.

பிறகு மாதம் ஒரு தொலைபேசி. "வாய்தா தள்ளிப் போட்டிருக்கிறது, நீங்கள் வர வேண்டாம்." பிறகு அந்த எக்ஸ்பார்ட்டி. பிறகு அமைதி. அதற்கும் சில மாதம் கழித்துத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் மனு, நீதிமன்றத்தில் 'ஈ.பி.' என்கிறார்கள். உள்ளே 'ஜப்தி' என்ற சொல் இருந்தது. அதற்கு மட்டும் எங்கள் இருவருக்கும் பொருள் தெரிந்திருந்தது.

மறுநாள் ஓடினோம். வேப்பமரத்தடியில் ஆள் இல்லை. இம்முறை டீக்கடையில் கேட்காமல் வளாகத்துக்குள்ளேயே போய் நீதிமன்ற ஊழியர் ஒருவரைக் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். 'மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு' என்ற பலகை, அந்த வேப்பமரத்தில் இருந்து நாற்பது அடிகூட இருக்காது. 'சட்டப்பணிகள்' என்றால் வக்கீல்கள் பணி பார்க்கிற இடம் போலும் என்று முதல் நாளே அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன். இலவசச் சட்ட உதவி அலுவலகத்தின் பெயரே அதுதான். வட்ட நீதிமன்றங்களில் வட்டச் சட்டப்பணிகள் குழு என்று இருக்கும். தொலைபேசியில் கேட்க 15100.

அங்கே எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பெண் வழக்கறிஞர், 14,500 ரூபாய்க் கணக்கைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆவது பிரிவின்படி, பெண் என்றாலே இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான். அதாவது அத்தைக்கு வருமானச் சான்றே தேவையில்லை. போயிற்று 2,500.

உதவி என்பது வக்கீல் கட்டணத்தோடு நிற்பதும் இல்லை. நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, சான்றிட்ட நகல் ஆகியவையும் அதில் அடக்கம். ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் கைநீட்டிக் காசு வாங்கவே கூடாது.

நம்பர் விஷயம்தான் என்னைச் சுட்டது. புதிதாக வழக்குப் போடும் வாதிக்குத்தான் நம்பர் ஆக வேண்டும். நாங்கள் பிரதிவாதி. வழக்கு எண் சம்மனின் தலையிலேயே அச்சடித்து, எங்கள் மஞ்சள் பைக்குள் கிடந்தது. கையில் இருந்த நம்பரை 4,000 ரூபாய் கொடுத்து 'வாங்கியிருக்கிறோம்'.

எக்ஸ்பார்ட்டிக்கு வந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒருதலைப்பட்சம் என்று தமிழில் எழுதுவார்கள். பிரதிவாதி வரவில்லை, எதிருரையும் (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) போடவில்லை என்று குறித்துக்கொண்டு, வாதி சொல்வதை மட்டும் கேட்டு வழக்கை நடத்துவது. சம்மன் கிடைத்து 30 நாளில் எதிருரை போட வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீளும். எங்களுக்காக எதுவுமே போடப்படவில்லை. அந்த வக்காலத்துக்கூடத் தாக்கலாகவில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைத் தட்டி, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று என் கைப்பேசியிலேயே காட்டினார். அதைப் பார்க்கக் காசும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

தேதிகளைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் பொங்கல் சாப்பிட்ட அன்று தீர்ப்பு ஆகியிருக்கவில்லை. எக்ஸ்பார்ட்டி என்று குறித்திருந்தார்கள், அவ்வளவுதான். தீர்ப்பாணை வந்தது ஐந்து வாரம் கழித்து. அந்த ஐந்து வாரத்துக்குள் ஒரு மனுவோடு போய் நின்றிருந்தால் மாமாவின் ரசீதைக் காட்டி வழக்கை நடத்தியிருக்கலாம். தீர்ப்பாணைக்குப் பிறகும் அதை ரத்துசெய்யக் கேட்க 30 நாள் இருந்தது. அதையும் தாண்டி நாங்கள் 97 நாள் தாமதம். இப்போது, காலதாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, தீர்ப்பாணையை ரத்துசெய்யக் கோரி ஒரு மனு. முதல் மனு ஜெயித்தால்தான் இரண்டாவதற்கே வழி. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு கடனுக்குப் பொறுப்பு என்பதையும் அவர்தான் சொன்னார். அதுவரை அத்தை தன் தாலிச் சங்கிலியை விற்கும் கணக்கில் இருந்தார்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ரசீது இல்லை. அவர் பெயர் என்று எங்களுக்குத் தெரிந்ததும் உண்மைப் பெயர்தானா என்று சந்தேகம். ஆள் வேறு மரத்தடிக்கு மாறியிருப்பார் என்கிறார் டீக்கடைக்காரர், ஏதோ பஸ் ரூட் மாறிய மாதிரி.

சென்ற மாதம் புது எண்ணில் இருந்து அதே குரல் அத்தையை அழைத்தது. அப்பீல் போட வேண்டுமாம், 6,000 ஆகுமாம். அத்தை நிதானமாக, "தம்பி, உங்கள் பார் கவுன்சில் பதிவு எண்ணைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மனுக்கள் நிலுவையில் இருக்கின்றன. எதிர்த்தரப்பு இப்போது மக்கள் நீதிமன்றத்தில் ராஜியாகப் போகலாம் என்று தூது விடுகிறது. நல்ல வழிதான். ஆனால் அங்கே கையெழுத்திட்டு முடித்த தீர்வுக்கு அப்பீல் கிடையாது என்பதை வழக்கறிஞர் இரண்டு முறை சொல்லிவிட்டார். அத்தை இன்னும் சரி என்று சொல்லவில்லை. மாமாவின் ரசீதை நான்கு நகல் எடுத்து, முதலில் அந்த ஒரு லட்சத்தைக் கழித்துக்கொண்டு தொகை சொல்லச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு நாங்கள் இருவரும் போகிறோம்.