குறுவைக்குச் சங்கிலியா, சங்கமா?

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். உழவு, விதை, நடவாள் கூலி, அடியுரம் என்று குறுவை நெல் போடும் ஜூன் மாதத்தில் எல்லாச் செலவும் சேர்ந்து வந்து நிற்கும். மேட்டூரில் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குள் பணத்தைப் புரட்டியாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவது, அல்லது கழுத்தில் கிடப்பதைக் கழற்றி அடகு வைப்பது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது சங்கத்தின் பக்கம்தான் நிற்கிறேன்.

எது சுலபம் என்றால் நகைதான், அதில் பேச்சே இல்லை. அம்மா போட்ட ஆறு பவுன் சங்கிலியை 2019இல் தனியார் நகைக்கடன் நிறுவனம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தான். பதக்கத்துக் கல்லுக்கு எடை கழித்தான். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் என் கையெழுத்தை வாங்கினான். அரை மணி நேரத்தில் 1 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. எதற்கு என்று கேட்கவில்லை, சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடிப் பதிவுகளைக் கேட்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை.

சங்கத்தில் அப்படி நடக்காது. உறுப்பினராக வேண்டும், பங்குத் தொகை கட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க இரண்டு நடை. கடனில் ஒரு பகுதியை உரமாகத்தான் தருவார்கள். நாம் கேட்கிற உரம் அன்றைக்கு இருப்பில் இருக்கும் என்று சொல்லவும் முடியாது. அலைச்சல் பெரிதுதான்.

வட்டி வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. பயிர்க்கடனுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீதம். தவணைக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் அந்த வட்டியும் நம் தலையில் விழுவதில்லை. நான் நகை வைத்தது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டிக்கு, ஆண்டுக்கு 18 சதவீதம். வங்கியில் வைத்திருந்தால் ஏறக்குறைய அதில் பாதிதான் ஆகியிருக்கும். ஆனால் என்னைச் சங்கத்தின் பக்கம் திருப்பியது இந்த வித்தியாசம் இல்லை. கடன் எந்தத் தேதியில் முடிகிறது என்பதுதான்.

அடகு வைத்த முதல் ஆண்டு முடிந்தபோது நெல் பணம் வந்துதான் இருந்தது. பள்ளிக் கட்டணம், வீட்டு ஓடு மாற்றியது, நாத்தனார் வீட்டு வளைகாப்பு என்று கரைந்துவிட்டது. நகைக்கடன் கவுண்டரில் இருந்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அதனால் என்னக்கா, திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பவுன் விலை ஏறியிருக்கிறது, வட்டியையும் முதலில் சேர்த்துக்கொள்ளலாம்” என்றார். பெரிய உதவி என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்றோடு முதல் 1,18,000 ஆனது. அடுத்த ஆண்டும் அதே பேச்சு, 1,39,240. மூன்றாம் ஆண்டின் முடிவில் 1,64,303 ரூபாய். இடையில் ஒரு ரூபாய்கூட நான் கையில் வாங்கவில்லை. ஒரு மூட்டை உரம் கூடுதலாக வயலில் விழவில்லை. 64,303 ரூபாய் ஏறியது முழுக்கத் தேதியைத் தள்ளிப் போட்டதற்கான விலை.

பவுன் விலை ஏறுவதை நாம் வருமானம் போல எடுத்துக்கொள்கிறோம். விலை ஏற ஏற அதே நகைக்கு அதிகக் கடன் தருவார்கள். நகை மூழ்கிவிடும் என்ற பயம் வருவதில்லை. பயம் இல்லாததால் மீட்கும் எண்ணமும் வருவதில்லை. எங்கள் தெருவில் ஒரே வளையலை ஏழெட்டு ஆண்டாகத் திருப்பித் திருப்பி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்டியைக் கட்டாமல் இப்படிப் புதுப்பிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025இல் விதி கொண்டுவந்தது; 2026 ஏப்ரல் முதல் அது கட்டாயம். நல்ல விதி. ஆனால் வட்டியை மட்டும் கட்டிவிட்டு முதலை அப்படியே விடுகிற பழக்கத்தை எந்த விதியாலும் தடுக்க முடியாது.

2022இல் சம்பா நெல் பணத்தையும் என் கணவர் எடுத்த சீட்டுப் பணத்தையும் சேர்த்துச் சங்கிலியை மீட்டேன். 2023இலிருந்து சங்கக் கடன்தான். சங்கத்துச் சிட்டையில் தவணைத் தேதி ஒன்று எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் வட்டிச் சலுகை போய்விடும், அடுத்த கடனும் கிடைக்காது. முதலில் எனக்கு இது கெடுபிடியாகத்தான் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, அந்தத் தேதி அறுவடையை ஒட்டி வருகிறது என்று. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக் கணக்குக்கு வந்த மறுநாளே சங்கத்துக்குப் போய் அடைத்துவிடுகிறேன். ரசீதைச் சிட்டையோடு சேர்த்து அரிசி டின்னுக்கு மேல் உள்ள தகரப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வேறு எந்தச் செலவையும் பற்றி வீட்டில் பேசுவோம். 2024இல் மேட்டூர் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தது. குறுவையை விட்டுவிட்டு, அடுத்த பருவமான சம்பாவுக்குக் கடன் எழுதினோம். கடனும் பயிரோடு சேர்ந்து நகர்ந்தது. நகையை மே மாதமே வைத்திருந்தால், தண்ணீர் வராத மாதங்களுக்கும் வட்டி ஓடியிருக்கும்.

வெள்ளத்தில் பயிர் போய், அது பேரிடர் என்று அறிவிக்கப்பட்டால், பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. எனக்கு அந்த நிலை வந்ததில்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். பயிர்க் காப்பீடு தனி. அதைச் செய்யாமல் இருக்காதீர்கள்.

தள்ளுபடியை நம்பியும் யாரும் கடன் வாங்க வேண்டாம். 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது உண்மை. அடுத்து ஒன்று வரும் என்று தவணையைத் தாண்டவிட்டு, வட்டிச் சலுகையை இழந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குத்தகைக்குச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. நிலம் எங்கள் பெயரில் இருப்பதால் அடங்கல் எளிதாகக் கிடைத்தது. குத்தகைப் பதிவு இல்லாமல் வாய்ச்சொல்லில் செய்கிறவர்கள் படும் பாடு வேறு. அவர்களில் பலர் வேறு வழியில்லாமல்தான் நகையை வைக்கிறார்கள். மகளிர் குழுக் கடனும் நான் வாங்கியதில்லை. அண்ணி வாரா வாரம் தவணை கட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமானம் வருகிற வயலுக்கு வாரத் தவணை ஒத்துவராது என்பது என் எண்ணம்.

நகைக்கடனே கூடாது என்று சொல்ல மாட்டேன். நள்ளிரவில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால் மறுநாள் காலையில் சங்கமா வந்து நிற்கும்? போன மார்கழியில் மாமியாருக்காக அதே சங்கிலியை மறுபடி வைத்தேன், இந்த முறை வங்கியில். அடகுச் சீட்டின் பின்பக்கம் ‘சம்பா, மாசி, முதலும் வட்டியும்’ என்று எழுதி வைத்தேன். மாசி கடைசியில் மீட்டாயிற்று.