செம்பூர் வீடா, இகத்புரியா, திருவண்ணாமலையா?

பணி ஓய்வுக்குப் பின் ஒதுங்கி வாழ விரும்பும் மும்பைத் தமிழர்களின் பேச்சில் மூன்று வழிகள் அடிபடுகின்றன: செம்பூரிலோ மாதுங்காவிலோ சொந்த வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொள்வது, இகத்புரியில் மௌனம் காப்பது, திருவண்ணாமலையில் அறை எடுத்து நிரந்தரமாகத் தங்குவது. எங்கே அமைதி அதிகம் என்பதைவிட, அந்தத் தனிமைக்குச் சோறும் காவலும் யார் தருகிறார்கள் என்று கேட்பதே பயனுடையது.

வீட்டுத் தனிமைக்குத் தனிச் செலவில்லை. ஆனால் அது எப்போது முடியும் என்ற கெடுவும் இல்லை. சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலில் இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்தேன். வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடப்பதைக் கண்டு கதவைத் தட்டியவர் எதிர்வீட்டு மாமி. யாரும் வேண்டாம் என்று நான் சாத்திய கதவு அது.

கசாரா மலைப்பாதைக்கு அப்பால் உள்ள இகத்புரியில் 1976 முதல் விபாசனா என்னும் பௌத்த மரபுத் தியானப் பயிற்சி நடக்கிறது. பத்து நாள் வகுப்பில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு, அதிகாலை 4 மணிக்கு எழுந்து, ஆசிரியரிடமும் பணியாளர்களிடமும் தேவைக்கு மட்டுமே பேச வேண்டும். கட்டணமில்லை, முன்பு பயின்றவர்களின் நன்கொடையே செலவைத் தாங்குகிறது. போரிவலிக் காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்ஹேரி குகைகளில் வாழ்ந்த பிக்குகளுக்கும் இதே ஏற்பாடுதான் இருந்தது: கல்யாண், சோபாரா வணிகர்களின் கொடைகளை அங்குள்ள கல்வெட்டுகள் இன்றும் சொல்கின்றன.

திருவண்ணாமலையை நினைப்பவர்களுக்கு ரமணரே முன்னுதாரணம். 1896-இல் பதினாறு வயதில் வந்த அவர், அருணாசலேசுவரர் கோயிலின் நிலவறைச் சன்னிதியான பாதாள லிங்கத்தின் இருட்டில் பூச்சி அரித்த புண்களோடு உணர்வற்று அமர்ந்திருந்தபோது பிறர்தான் அவரை வெளியே தூக்கி வந்தார்கள். 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்த ஆண்டுகளிலும் பழனிசாமி போன்ற அன்பர்கள் உடனிருந்தார்கள். தெரிந்தவர் எவருமில்லாத ஊரில், அறுபது வயதில், வாடகை அறையில் அத்தகைய துணையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே மூன்றில் அதுவே மிகவும் ஆபத்தானது என்று அஞ்சுகிறேன்.

ஆண்டுக்கொரு முறை இகத்புரி, மற்ற நாள்களில் செம்பூர் வீடு என்பதே என் தேர்வு. வகுப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன், வீட்டின் இரண்டாவது சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்திருக்கிறேன்.