பழைய பந்தயக் கார் வாடகைக்கு என்று நம்பி 14,500 யூரோவை இழந்தேன்: மில்லே மில்யா ஓட்ட நினைப்பவர்கள் படிக்கவும்

இத்தாலியின் பிரெஷா நகரத்திலிருந்து திரும்பி மூன்று நாள்கூட ஆகவில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுது என்கிறார்கள் நண்பர்கள். ஆறிவிட்டால் எழுதமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். பழைய பந்தயக் கார்களை உரிமையாளர்களிடம் பேசி, வரலாற்றுச் சாலை ஓட்டங்களுக்கு வாடகைக்கு அமர்த்தித் தருவதாகச் சொல்லும் ஓர் இணைய இடைத்தரகரிடம் 14,500 யூரோவைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் தடுத்திருப்பதால் எழுதவில்லை. காரின் பெயரையும் சொல்லவில்லை. அந்த வகை வண்டிகள் மிகக் குறைவு, ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

1927 முதல் 1957 வரை பிரெஷாவில் கிளம்பி ரோம் வரை சென்று பிரெஷாவுக்கே திரும்பிய ஆயிரம் மைல் பந்தயம்தான் மில்லே மில்யா. 1955இல் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மோஸ் அதைப் பத்து மணி ஏழு நிமிடத்தில் ஓட்டி முடித்தார். 1957இன் கோர விபத்தோடு அந்த வேகப் பந்தயம் நின்றுபோய், 1977 முதல் நேரத் துல்லியத்துக்கான ஓட்டமாக நடக்கிறது: சாலைக்குக் குறுக்கே கிடக்கும் மெல்லிய குழாயின் மேல் முன்சக்கரம் ஏறும் கணத்தை நூற்றில் ஒரு நொடிவரை கணக்கிடுவார்கள். அன்றைய பந்தயத்தில் ஓடிய வகை வண்டிகளுக்கு மட்டுமே இடம் உண்டு. ஒவ்வொரு வண்டியின் வரலாற்றையும் ஆராய்ந்த பிறகே பதிவேட்டில் சேர்ப்பார்கள். அதாவது அங்கே எல்லாம் சேஸிஸ் எண்ணை, வண்டியின் சட்டகத்துக்குரிய அடையாள எண்ணை, பொறுத்தது. இது தெரிந்திருந்தும் நான் ஏமாந்தேன் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

நான் நம்பிய அந்த நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வீடியோ அழைப்பில், அவர்களுடைய ஆள் ஒரு கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, முப்பதுகளில் செய்யப்பட்ட அந்தத் திறந்த இருவர் வண்டியின் எஞ்சினை உயிர்ப்பித்து, ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் என்னைக் கேட்க விட்டார். எண்ணெய் சூடானதும் சத்தம் எப்படித் தணிந்து சீரானது என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு கேமராவைக் கீழே இறக்கி மிதிகளைக் காட்டினார்: இடப்பக்கம் கிளட்ச், நடுவில் ஆக்சிலரேட்டர், வலப்பக்கம் பிரேக். "பழகிக்கொள்ளுங்கள், பதற்றத்தில் கால் மாறிவிடும்" என்றார். பணம் பறிக்க வந்தவன் இவ்வளவு அக்கறையாகப் பேசுவானா என்று எண்ணி, அன்று மாலையே 9,000 யூரோ வாடகையையும், திரும்பத் தருவதாகச் சொன்ன 5,500 யூரோ வைப்புத்தொகையையும் வங்கி வழியே அனுப்பிவிட்டேன். அதன்பின் நான்கு மாதம், தோட்டத்துக் குழாயைத் தரையில் போட்டு, அருகில் அமர்ந்து என் தம்பி நொடிகளை எண்ண, சொந்தக் காரால் அதன்மேல் ஏறி ஏறிப் பழகினேன். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

பிரெஷாவில், ஓட்டத்துக்கு முந்தைய நாள், ஊர் எல்லையிலுள்ள ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினார்கள். அதே நிறம், அதே உருவம். உட்கார்ந்து காலை நீட்டினேன்; நடுமிதி பிரேக்காக இருந்தது. உரிமையாளர் வசதிக்காக மாற்றிக்கொண்டார் என்றார்கள். சேஸிஸ் எண் தகட்டைப் பார்த்தேன்: தகடு பழையது, அதை இறுக்கிய ஆணிகள் பளபளத்தன, எண்ணோ எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த எண் அல்ல. படத்திலிருந்த எண்ணுக்குரிய உண்மையான வண்டி மறுநாள் அதன் சொந்தக்காரருடன் ஓட்டம் தொடங்கும் வியாலே வெனேசியா சாலையின் சாய்தளத்தில் ஏறி இறங்கியதை, தடுப்புக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். எனக்கென்று எந்தப் பதிவும் செய்யப்பட்டிருக்கவில்லை.

அதன்பின் நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்பு. முதலில் பதிவில் ஏதோ குழப்பம் என்றார்கள். பிறகு, ஒப்பந்தத்தில் 'பாதையில் ஓட்டும் வாய்ப்பு' என்றுதான் இருக்கிறது, பங்கேற்பு என்று எங்கும் இல்லை என்று வரியைச் சுட்டிக்காட்டி, வேண்டுமானால் போட்டி வண்டிகள் போன பின் நகல் வண்டியில் பின்தொடருங்கள் என்று பெருந்தன்மை காட்டினார்கள். வைப்புத்தொகையைக் கேட்டால் அது வண்டியைக் கொண்டுவந்த செலவுக்குச் சரியாகிவிட்டதாம். வீடியோவில் பேசிய மனிதர் 'இப்போது எங்களுடன் இல்லை'. நேற்று கணக்குப் பிரிவுக்கு எழுதச் சொன்னார்கள். கணக்குப் பிரிவு விற்பனைப் பிரிவுக்கு எழுதச் சொல்லிவிட்டது. ஆக மொத்தம் 14,500 யூரோ.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சுருக்கமாக: சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அது பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பதை நீங்களே விசாரியுங்கள். ஓட்டுநராக உங்கள் பெயரை ஏற்றதாக ஓட்டத்தின் அமைப்பாளர்களிடமிருந்து நேரடியாகக் கடிதம் வரும்வரை ஒரு காசும் அனுப்பாதீர்கள். எனக்கு அப்படி ஒரு கடிதமும் வரவில்லை, இடைத்தரகர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். வண்டியில் நேரில் உட்காராமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். வங்கி வழி அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். நீங்களே விரும்பி அனுப்பியது, பெற்றவர் சம்மதித்தால்தான் முடியும் என்று இன்று காலை பதில் வந்தது.