நயா பைசாவா, அலுமினியப் பைசாவா?

அப்பாயி விட்டுப்போன டப்பாவில் இரண்டு ரகச் சில்லறை கலந்து கிடந்தது. 1957 முதல் 1963 வரை வந்த நயா பைசா, அதாவது புதுப் பைசா, ஒன்று. 1964இல் ‘நயா’ உதிர்ந்த பிறகு வந்த அலுமினியப் பைசா இன்னொன்று. அதிலிருந்து இரண்டையும் சேர்க்க ஆரம்பித்தேன். ஏற்காட்டில் நாலு மழைக்காலம் போனதும் நயா பைசாவோடு நிறுத்திக்கொண்டேன்.

அலுமினியம் மலிவு, கையில் எடையே தெரியாது. சதுர ஒரு பைசா, அறுகோண மூணு பைசா என்று வடிவமும் ஜோர். பிள்ளைகள் முதலில் இதைத்தான் எடுக்கும்.

ஆனால் கதை இருப்பது நயா பைசாவில். 1957 ஏப்ரல் 1 அன்று 16 அணா ரூபாய் 100 நயா பைசா ஆனது. நாலணா 25, எட்டணா 50 சரியாக விழுந்தது, ஓரணாவுக்கு ஆறேகால். கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19 என்று கணக்குப் போட்டார்கள். ஓரணாச் சாமானை நாலு தடவையாக வாங்கினால் 24, ஒரே தடவையில் வாங்கினால் 25! ‘ரூபாயில் நூறில் ஒரு பங்கு’ என்று காசிலேயே இந்தியில் பொறித்தும் இருந்தார்கள். அப்பாயிக்கு அதனால் என்ன பயன்? அவருக்குக் கடைசிவரை 25 பைசா நாலணாதான்.

சரி, முடிவு செய்தது பராமரிப்பு. இங்கே பனிமூட்டம் பீரோவுக்குள்ளும் வரும். முதல் மழைக்காலம் கழித்துத் திறந்தால், அலுமினியக் காசுகள் மேல் கோலமாவு தூவியது போல வெள்ளைப் பொடி. துடைத்தால் போனது, அடியில் ஊசி குத்தியது போலக் குழிகள். அதைச் சரிசெய்ய வழியில்லை. நயா பைசாவில் 2, 5, 10 செம்பும் நிக்கலும் கலந்தவை. 25, 50 நிக்கல். பருத்தித் துணி போதும். வெண்கல ஒரு பைசாதான் கறுக்கும், கறுக்கட்டும். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு ஒன்றைத் தேய்த்தேன். தோல் உரித்தது போல இளஞ்சிவப்பாகிவிட்டது. 1957 காசு அது, இன்னும் மனசு ஆறவில்லை.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டால் அலுமினியம் தாங்குமோ என்னவோ, நான் ஒரு வருஷம்தான் போட்டுப் பார்த்தேன். எதையும் விற்றதில்லை, அதனால் விலை பேச மாட்டேன். கீழே சேலத்து வெயிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. செவ்வாய்ப்பேட்டை மச்சானிடம் இருக்கும் மூணு பைசா இன்னும் பளபளக்கிறது. என் அலுமினியத்தையெல்லாம் அவனுக்கே கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவன், “என்ன மாமா, கரையான் அரிச்ச மாதிரி இருக்கு” என்றான்.